யார் செலவில் ஓய்வு?

இடைக்கால ஐரோப்பாவின் குடியானவன் ஆண்டுக்கு 150 நாள்தான் உழைத்தான், மற்ற நாளெல்லாம் திருவிழாவும் மதுவும் கூத்துமாகக் கழிந்தன என்று ஒரு செய்தி சில ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் சுற்றி வருகிறது. அலுவலகப் பேருந்தில் நின்றபடி இதைப் படிக்கிறவருக்கு எழுநூறு ஆண்டு முன்னால் பிறந்திருக்கலாமே என்று தோன்றும். அந்தக் காலத்தில் பல்வலி வந்தால் என்ன செய்திருப்போம் என்பதை மட்டும் அப்போது யோசிக்கக் கூடாது.

இந்த எண்ணுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கிரெகரி கிளார்க் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1986இல் எழுதி, அச்சேறாமல் இருந்த ஒரு கட்டுரையில் இந்த மதிப்பீடு இருந்தது. ஜூலியட் ஷோர் 1991இல் வெளியிட்ட ‘தி ஓவர்வொர்க்டு அமெரிக்கன்’ என்ற நூலில் அதை எடுத்தாண்டார். நூல் புகழ்பெற்றது, எண்ணும் ஊர் சுற்றத் தொடங்கியது. கிளார்க் பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, 300 நாளை ஒட்டியே இருந்திருக்கும் என்றார். அந்தத் திருத்தம் யார் காதிலும் விழவில்லை. நல்ல செய்திக்குத் திருத்தம் போடுகிறவரை யாருக்குப் பிடிக்கும்?

கூலி ஆவணங்களை வைத்து வேலைநாளை எண்ணுவதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பிறர் நிலத்தில் உழைத்த நாள்தான் ஏட்டில் ஏறும். சொந்தத் துண்டு நிலத்தில் களையெடுத்தது, வேலி கட்டியது, விறகு பிளந்தது, மாட்டுக்குத் தீனி வைத்தது எதற்கும் கூலி இல்லை, ஆகவே கணக்கும் இல்லை.

வேட்டையாடி உணவு தேடிய சமூகங்கள் பற்றிய கணக்கும் இதே பள்ளத்தில்தான் விழுந்தது. 1966இல் சிகாகோவில் நடந்த ஒரு கருத்தரங்கில் மார்ஷல் சாலின்ஸ் என்ற மானிடவியலாளர், உலகின் முதல் வளமான சமூகம் அவர்களுடையதுதான் என்று அறிவித்து எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தார். அவருக்கு ஆதாரமாக நின்றது காலகாரிப் பாலைவனத்தின் தோபே பகுதியில் சான் மக்களோடு தங்கி ரிச்சர்ட் லீ சேகரித்த தரவு. வாரத்துக்கு இரண்டரை நாள் உணவு தேடினால் அவர்களுக்குப் போதும் என்றது அது. ஆனால் அதே லீ 1979இல் எழுதிய நூலில், கருவி செய்வது, கொட்டை உடைப்பது, சமைப்பது, தண்ணீர் விறகு கொண்டுவருவது எல்லாவற்றையும் சேர்த்தபோது வாரக் கணக்கு 40 மணி நேரத்தைத் தாண்டியது. குழந்தை வளர்ப்பு அதிலும் சேரவில்லை.

ஆக, பழங்கால மனிதனுக்கு எத்தனை நாள் ஓய்வு என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் தேடுவது வீண். ஆய்வாளர்களும் அதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டார்கள். வரலாற்றாளர் இ. பி. தாம்சன் 1967இல், வேலையையும் வாழ்வையும் கடிகாரம் கொண்டு வெட்டியது தொழிற்சாலைக் காலம்தான் என்று வாதிட்டார். பீட்டர் பர்க் 1995இல், தனித்த ஓய்வுநேரம் என்ற கருத்தே நவீன காலத் தொடக்கத்தில்தான் ஐரோப்பாவில் உருவானது என்றார். இரண்டே ஆண்டில் ஜோன் லூயிஸ் மர்ஃபானி அதை மறுத்தார். ஆடிப்பாடிப் பொழுதுபோக்கிய இடைக்கால மக்களுக்குத் தாங்கள் செய்வது வேலை இல்லை என்று நன்றாகவே தெரிந்திருந்தது என்பது அவர் வாதம். மர்ஃபானியின் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. சட்டம் போட்டவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. தெரியாத ஒன்றைத் தடை செய்து சட்டம் போட முடியாது. பழைய ஆவணங்களைப் புரட்டும்போது கண்ணில் படுவதும் இந்தச் சட்டங்கள்தான். ஓய்வு நாளை அளித்தவர் யார், பறித்தவர் யார், அந்த நாளில் அடுப்பெரித்தவர் யார் என்ற கேள்விகளுக்கு அவற்றில் நிறையப் பதில் இருக்கிறது.

கையில் கிடைக்கும் மிகப் பழைய விடுப்புக் கணக்குகளில் ஒன்று எகிப்தில் எழுதப்பட்டது. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கைவினைஞர்கள் தேர் எல்-மெதினா என்ற ஊரில் வாழ்ந்தார்கள். இரண்டாம் ராமேசசின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 13ஆம் நூற்றாண்டில், ஒரு சுண்ணாம்புக்கல் பலகையில் எழுதிய வருகைப் பதிவேடு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்பது பேர் பெயரும் அவர்கள் வராத நாள்களும் கறுப்பு மையில், காரணங்கள் சிவப்பு மையில். கண் நோய், தேள்கடி, தாயின் உடலைத் துணியால் சுற்றவேண்டியிருந்தது, வீடு கட்டுகிறான், பீர் காய்ச்சுகிறான், மேலதிகாரியின் சொந்த வேலைக்குப் போயிருக்கிறான். மூவாயிரம் ஆண்டு கழித்தும் எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாகக்கூடிய காரணங்கள், பீரை விட்டுவிட்டால்.

அந்தப் பதிவேடு 280 நாள்களைத் தழுவுகிறது. அதில் முழு வேலை நடந்த நாள்கள் 70 அளவில்தான் இருந்திருக்கும் என்கிறார்கள். பத்து நாள் கொண்ட எகிப்திய வாரத்தின் கடைசியில் ஓய்வும் உண்டு. இதைப் பார்த்து எகிப்தியர் அனைவரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. இவர்கள் அரசு தானியப்படி பெற்ற தேர்ந்த கைவினைஞர்கள். அவர்களுக்குத் தண்ணீரும் மீனும் காய்கறியும் சுமந்து வரவே தனி ஆள்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். இந்த வசதி அரசின் களஞ்சியம் நிறைந்திருந்த வரையில்தான். மூன்றாம் ராமேசசின் 29ஆம் ஆட்சியாண்டில் படி வரவில்லை. கருவிகளைப் போட்டுவிட்டுக் கோவில்களின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தமாக அது சொல்லப்படுகிறது.

ஓய்வை அரசின் கொடையாக ஆக்கியதில் ரோமுக்கு நிகர் இல்லை. கி.பி. 354ஆம் ஆண்டுக்கான ஒரு நாட்காட்டி தப்பிப் பிழைத்திருக்கிறது. அதன்படி ஆண்டில் 177 நாள் பொது விளையாட்டுகளும் காட்சிகளும். அவற்றில் 101 நாள் நாடகம், 66 நாள் தேர்ப் பந்தயம். திரைப்படங்களால் புகழ்பெற்ற வாள்வீரர் சண்டைக்கு ஒதுக்கியது வெறும் 10 நாள். செலவை அதிகாரிகளும் பேரரசரும் ஏற்றார்கள், கூட்டம் கைதட்டியது. 177 நாளும் ஊரே வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தது என்று பொருள் கொள்ள வேண்டாம். பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நகரத்தில் கொலோசியத்தில் 50,000 பேருக்குத்தான் இடம்.

தேர்ப் பந்தயம்தான் ரோமரின் உண்மையான பித்து. இரண்டாம் நூற்றாண்டில் லூசிடானியாவிலிருந்து (இன்றைய போர்ச்சுகல் பகுதி) வந்த தியோக்லிஸ் என்ற தேரோட்டியின் கல்வெட்டு, 4,257 பந்தயங்களில் ஓடி 1,462இல் வென்றதாகவும், மூன்றரைக் கோடி செஸ்டர்ஸுக்கு மேல் பரிசு பெற்றதாகவும் பதிந்திருக்கிறது. கைதட்டலுக்கும் காசுக்கும் குறைவில்லை, கௌரவம்தான் இல்லை. தேரோட்டிகளில் பலர் அடிமைகள். ஊர் மனிதர் ஓய்வாக உட்கார்ந்து பார்த்த அந்த மணல்தான் இவர்களுக்கு வேலையிடம். தியோக்லிஸைப் போல 42 வயதில் ஓய்வுபெறும் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

குளியல் கூடங்களின் கதையும் இதுதான். மிகச் சிறிய செப்புக்காசைக் கொடுத்தால் ஏழையும் உள்ளே போகலாம். சுடுநீர், வெதுநீர், குளிர்நீர், எண்ணெய்ப் பூச்சு, பந்தாட்டம், அரட்டை எல்லாம் கிடைக்கும். கூடத்துக்கு மேல்மாடியில் குடியிருந்த தத்துவஞானி செனெகா, எடை தூக்குகிறவரின் முக்கலும் பலகாரம் விற்பவரின் கூவலும் தம்மை என்ன பாடு படுத்தின என்று ஒரு கடிதத்தில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். 216இல் திறக்கப்பட்ட காரகல்லா குளியல் கூடத்தின் தரைக்கு அடியில் இன்றும் நடந்து பார்க்கலாம். வண்டி போகும் அளவுக்கு அகலமான சுரங்கப்பாதைகள், விறகுக் கிடங்குகள், உலைகள். நாள்தோறும் டன் கணக்கில் விறகு அங்கே எரிந்தது. மேலே இருந்தவர்களுக்கு வெதுவெதுப்பு, கீழே இருந்த அடிமைகளுக்குப் புகை.

அடிமைக்கு விடுமுறை உண்டா? கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய மூத்த கேட்டோ இதில் கறார். பண்ணைக்கு வரும் முதலாளி கங்காணியிடம் கணக்குக் கேட்க வேண்டும், திருநாளிலும் ஆள்கள் சும்மா இருந்திருக்கக் கூடாது என்கிறார். பழைய வாய்க்காலைத் தூர் வாரலாம், சாலை செப்பனிடலாம், முள் வெட்டலாம், தோட்டம் கொத்தலாம். திருநாளில் காளையைப் பூட்டுவதற்கு எந்தெந்த வேலைக்கு அனுமதி என்றும் பட்டியல் இருக்கிறது. கோவேறு கழுதை, குதிரை, கழுதை ஆகியவற்றுக்குக் குடும்பத் திருநாளைத் தவிர விடுமுறையே கிடையாது. தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய மனிதர்தான், தெய்வம் தடுக்காத வேலை எது என்று நன்றாகத் தேடியிருக்கிறார்.

டிசம்பர் 17இல் தொடங்கிய சடர்னேலியா திருவிழா மட்டும் விதிவிலக்கு. அடிமைகளுக்கு விருந்து, சூதாட அனுமதி, எஜமானரைக் கேலி பேசும் உரிமை. அந்த நாள்களில் எழுத்தாளர் இளைய பிளினி தம் கடற்கரை மாளிகையில் ஓசை எட்டாத ஓர் அறைக்குள் போய் அடைந்துகொள்வார். வேலையாள்களின் கும்மாளத்துக்குத் தாம் இடைஞ்சல் இல்லை, தம் படிப்புக்கு அவர்கள் இடைஞ்சல் இல்லை என்று பெருமையாக எழுதினார். ஆண்டில் சில நாள் கயிற்றைத் தளர்த்துவது கயிறு அறாமல் இருக்கத்தான் என்று பல ஆய்வாளர்கள் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தச் சில நாளை எதிர்பார்த்திருந்தவருக்கு அது சிறிய விஷயம் இல்லை.

இந்த ரோமருக்கு யூதர்களின் ஓய்வுநாள் விளங்கவே இல்லை. ஏழில் ஒரு நாளைச் சும்மா இருந்து வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கை வீணாக்குகிறார்கள் என்பது செனெகாவின் குறை. ஆனால் யூதச் சட்டம் செய்தது பெரிய காரியம். வீட்டுத் தலைவருக்கு மட்டுமன்றி அடிமைக்கும் அடிமைப் பெண்ணுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் அந்நியருக்கும் அந்த நாள் பொது என்றது. கேட்டோவின் கழுதையை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். எஜமானர் மனம் வைத்தால் கிடைப்பது என்ற நிலையிலிருந்து அவரும் மீற முடியாத விதி என்ற நிலைக்கு ஓய்வு வந்தது அங்கேதான். 321இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அறிவித்தபோது நீதிமன்றங்களும் நகர மக்களும் கைவினைப் பட்டறைகளும்தான் அடங்கின. உழவர்கள் தாராளமாக வேலை செய்யலாம், பருவம் தவறிவிடக் கூடாது என்று ஆணையிலேயே சலுகை கொடுத்தார். அது சலுகையா என்பதை உழவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் கேளிக்கையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்களில் முதலிடம் கௌடில்யருக்கு. புதிதாகக் குடியேற்றும் ஊர்களில் கேளிக்கை மண்டபமோ பூங்காவோ கட்டக் கூடாது, நடிகரும் ஆடுநரும் பாடுநரும் கதை சொல்வோரும் ஊர் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. போக வேறு இடமில்லாமல் மனிதர் வயலே கதியென்று கிடந்தால்தான் கருவூலமும் தானியமும் பெருகும் என்று காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. நகரத்துச் சூதாட்டத்தை மட்டும் ஒழிக்கச் சொல்லவில்லை. அரசின் மேற்பார்வையில் ஓரிடத்தில் நடத்தி, வென்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து வசூலிக்கச் சொல்கிறது. வேலையைக் கெடுக்கும் கூத்து வேண்டாம், வரி தரும் சூது இருக்கட்டும்! இன்றைய அரசுகள் சிலவற்றுக்கு இது அந்நியமாகப் படாது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வேறு வழியில் போனார். கூட்டம் கூடிக் கொண்டாடும் சமாஜங்கள் வேண்டாம் என்றது அவருடைய முதல் பாறைக் கல்வெட்டு. சில சமாஜங்கள் நல்லவை என்ற ஒரு விலக்கும் அதிலேயே இருக்கிறது. எட்டாம் கல்வெட்டில் தம் ஓய்வையே மாற்றிக்கொண்டதைச் சொல்கிறார். முந்தைய மன்னர்கள் வேட்டைக்கும் இன்பத்துக்கும் உலாப் போனார்கள், தாம் முடிசூடிப் பத்து ஆண்டான பின் தரும யாத்திரை போவதாகவும் அதிலேயே மகிழ்ச்சி அதிகம் என்றும் பொறித்துவைத்தார்.

காமசூத்திரத்தில் வாத்ஸ்யாயனர் காட்டும் நகரவாசியோ ஓய்வையே தொழிலாகக் கொண்டவன். காலையில் ஒப்பனை, உணவுக்குப் பின் கிளியைப் பேசப் பழக்குவது, சேவல், காடைச் சண்டை, பகல் தூக்கம், மாலையில் நண்பர் கூட்டம், இரவில் இசை, இடையிடையே சோலை உலா. இத்தனைக்கும் காசு எங்கிருந்து வந்தது? பரம்பரைச் சொத்து, கொடை, வணிகம், வெற்றி, கூலி என்று அவரே சொல்லிவிடுகிறார். வீட்டுக் கணக்கும் தோட்டமும் சமையலும் வேலைக்காரர் மேற்பார்வையும் மனைவியின் பொறுப்பு என்று அதே நூலின் இன்னொரு பகுதி விரிவாக வகுக்கிறது. கிளி பேசிய நேரத்தில் அடுக்களையில் யார் இருந்தார் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது.

சங்க இலக்கியத்தில் பட்டினப்பாலை காட்டும் பரதவர் இவ்வளவு செலவில்லாதவர்கள். முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, பூச்சூடி, கள்ளருந்தி, உண்டு ஆடிப் பொழுதைக் கழிக்கிறார்கள். இங்கே விடுமுறையை அளித்தது மன்னன் இல்லை. நிலவும் கடலும் வழக்கமும் அளித்தன. இடைக்காலத்துக்கு வந்தால் பொறுப்பு கோவில் கைக்குப் போய்விடுகிறது. தஞ்சைப் பெரிய கோவிலில் இராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க இரண்டாம் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஏற்பாடு செய்தது. ஆடுகிறவர் பெயரும் அளவும் கல்லில் ஏறின. பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

சீனாவின் ஆவணங்கள் இன்னும் நுணுக்கமானவை. ஹான் காலத்தில் அதிகாரிகளுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை தலை முழுக விடுப்பு. தாங் காலத்தில் அது பத்து நாளுக்கு ஒன்றாகச் சுருங்கியது. எட்டாம் நூற்றாண்டில் தொகுத்த தாங் நிர்வாக நூல் ஒன்று அரசு அடிமைகளுக்கும் விதி எழுதியிருக்கிறது. புத்தாண்டு, குளிர்காலத்தின் நீண்ட இரவு நாள், அடுப்பு மூட்டாத குளிருணவுத் திருநாள் ஆகியவற்றுக்கு மும்மூன்று நாள், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம். ஆனால் தலைநகர் சாங்கானில் இரவு முரசு கொட்டியதும் பேட்டைகளின் கதவை அடைத்துவிடுவார்கள். விளக்குத் திருவிழாவின் சில இரவுகளில்தான் ஊர் கண்விழிக்கலாம். சோங் காலத்து கைஃபெங் நகரம் இந்தக் கட்டை உடைத்தது. அந்நகரை வடக்கிலிருந்து வந்த ஜுர்சென்கள் 1127இல் கைப்பற்றிய பின், தெற்கே தப்பி வந்த மெங் யுவான்லாவ் ஏக்கத்தோடு எழுதிய நினைவு நூலுக்கு 1147இல் முன்னுரை எழுதினார். விடியும்வரை நடந்த இரவுச் சந்தைகள், ஒரே பேட்டையில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரங்குகள், ஆயிரக்கணக்கானோர் அமரும் பெரிய கொட்டகை என்று நீள்கிறது அவர் வருணனை. கையில் சில்லறை இருந்தால் உள்ளே போகலாம், மழையானாலும் வெயிலானாலும் கூட்டம் குறையாது. கொடையாக இல்லாமல் சரக்காக ஓய்வு விற்பனைக்கு வந்துவிட்டது, அதுவும் தொழிற்சாலைக்கு ஏழு நூற்றாண்டு முன்னால். ஐரோப்பாவை மட்டும் பார்த்து விவாதித்தவர்கள் இதைச் சற்றுக் கவனித்திருக்கலாம்.

மீண்டும் இங்கிலாந்தின் குடியானவனிடம் வரலாம். அவனுக்குத் திருநாள்கள் நிறைய இருந்தன என்பது உண்மை. ஞாயிறுகளோடு 40, 50 புனிதர் நாள்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் லண்டனை வருணித்த வில்லியம் ஃபிட்ஸ்டீபன், உறைந்த சதுப்பில் விலங்கின் கால் எலும்பைப் பாதத்தில் கட்டிக்கொண்டு வழுக்கி விளையாடிய இளைஞர்களைக் காட்டுகிறார். 1314இல் நகர மேயர் தெருக் கால்பந்தைத் தடை செய்தார். 1363இல் மன்னர் மூன்றாம் எட்வர்டு, விழா நாள்களில் ஆண்கள் வில்வித்தை பழக வேண்டும் என்று ஆணையிட்டார். 1388ஆம் ஆண்டுச் சட்டம் கூலியாள்களும் வேலையாள்களும் கால்பந்து, டென்னிஸ், பகடை, கல்லெறி ஆட்டம் அனைத்தையும் விட்டுவிட்டு ஞாயிறும் திருநாளும் அம்பெய்யப் பழகச் சொன்னது. போர்க்களத்துக்கு வில்லாளி வேண்டும், அதற்கு அவனுடைய ஞாயிறு வேண்டும்.

1390ஆம் ஆண்டுச் சட்டத்தில் பயம் வெளிப்படையாகவே தெரிகிறது. நல்ல கிறித்தவர்கள் தேவாலயத்தில் இருக்கும் திருநாள்களில் கைவினைஞரும் கூலியாள்களும் நாயைக் கூட்டிக்கொண்டு பிரபுக்களின் காட்டில் வேட்டையாடுகிறார்கள், அந்தச் சாக்கில் கூடிச் சதி பேசுகிறார்கள் என்று அது குறைபடுகிறது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத பாமரர் வேட்டைநாய் வளர்க்கக் கூடாது என்றது. உழவர் கிளர்ச்சி நடந்து ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. ஏழை ஓய்வாக இருக்கிறான் என்றால் ஏதோ பேசுகிறான் என்று பொருள்.

1402ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நேரடியானது: திருநாளுக்குக் கூலி கிடையாது, திருநாளுக்கு முந்தைய நாள் மதியத்தோடு வேலை நின்றால் அரைக் கூலிதான். கொள்ளை நோயில் ஆள்கள் மடிந்து கூலி உயர்ந்திருந்த காலம் அது. அன்றாடக் கூலிக்காரருக்கு 50 திருநாள் என்றால் கூலியில்லாத 50 நாள். விழா நாளில் ரகசியமாக வேலை செய்து பிடிபட்டுத் திருச்சபை நீதிமன்றங்களில் நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வழக்குகளையும் சேர்த்துப் படிக்காமல் 150 நாள் கதையை நம்புவது, உலைவைக்காத வீட்டில் விருந்து என்று எழுதுவதற்குச் சமம்.

சட்டமும் கல்வெட்டும் சொல்லாததைச் சில இடங்களில் தரை சொல்கிறது. மெசபடோமியாவின் ‘ஊர்’ என்ற பழைய நகரத்தின் அரச கல்லறையில் அகழாய்வாளர் லியோனார்ட் வூலி கண்டெடுத்த, சிப்பியும் நீலக்கல்லும் பதித்த 4,500 ஆண்டுப் பழைய ஆட்டப் பலகையை எல்லோரும் அறிவார்கள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கிடைத்த வால்ரஸ் தந்தச் சதுரங்கக் காய்களும் புகழ்பெற்றவை. ரோமின் பொதுமன்றத்தில் ஜூலியா மண்டபப் படிக்கட்டுகளைப் பார்க்க வருவோர் குறைவு. அங்கே வழக்குக்குக் காத்திருந்தவர்களும் வேலையற்று உட்கார்ந்திருந்தவர்களும் கல்லில் கீறிய ஆட்டக் கட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பல கோவில் மண்டபத் தரைகளிலும் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் இதே போலத் தேய்ந்து கிடக்கின்றன. காய்க்குக் கூழாங்கல் போதும். இவற்றுக்குக் காலம் கணிப்பது கடினம், அதனாலேயே நூல்களில் இடம் குறைவு.

பெண்களின் ஓய்வுக்கு இந்தக் கீறல்கூடக் கிடைப்பதில்லை. தேர் எல்-மெதினாவின் வருகைப் பதிவேட்டில் ஒரு காரணம் அடிக்கடி வருகிறது: மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு. அந்த நாளில் விடுப்பு எடுத்தது கணவனும் தந்தையும்தான், வீட்டு வேலை அவர்கள் தலையில் விழுந்ததால் இருக்கலாம் என்று சிலர் விளக்குகிறார்கள். அந்த வேலையை மற்ற நாள்களில் செய்தவருக்கு எந்தப் பலகையிலும் கறுப்பு மையும் இல்லை, சிவப்பு மையும் இல்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப பார்பரா ஹனவால்ட் என்ற வரலாற்றாளர் எதிர்பாராத ஓர் இடத்தில் தேடினார். 1986இல் வெளிவந்த அவருடைய நூல், இடைக்கால இங்கிலாந்தின் திடீர்மரண விசாரணை ஏடுகளைப் பயன்படுத்தியது. ஒருவர் எப்படி இறந்தார் என்று எழுதும்போது, இறந்த நேரத்தில் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் விசாரணை அதிகாரி எழுதவேண்டியிருந்தது. ஆண்கள் வயலிலும் சாலையிலும் வண்டியடியிலும் மதுக்கடையிலிருந்து திரும்பும் வழியிலும் இறந்திருக்கிறார்கள். பெண்களில் மிகுதியானோர் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் இறந்திருக்கிறார்கள்: கிணற்றில் தண்ணீர் இறைக்கையில், கொதிக்கும் அண்டாவின் அருகில், துணி துவைக்கும் ஓடையில்.